பழவேற்காட்டுப் படகுக்கு அண்ணன் மாட்டிய குழாய்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையான நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். உட்கார்ந்து, அண்ணன் பொறுமைசாலி என்று முதல் வரி எழுதினேன். எனக்கே பொறுக்கவில்லை, அடித்துவிட்டேன். சொன்ன சொல் தவறாதவர் என்று எழுதிக் காட்டினேன். அண்ணி படித்துவிட்டு, யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்டார்.

அண்ணன் நல்லவர். அதை யாரும் மறுக்க மாட்டீர்கள். ஆனால் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். நல்லவர் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அவரிடம் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த திருத்தணி வட்டாரத்து டிராக்டர்காரர்களும் லாரிக்காரர்களும் அதைவிடப் பெரிய மூச்சாக விடுவார்கள். இறந்துபோனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவரைப் பற்றி நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிற ஒரு கதையில் பாதி பொய் இருக்கிறது. அந்தப் பொய்யைச் சொன்னவர் அண்ணனேதான். அதைச் சரிசெய்யாமல் இந்த மலரை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பள்ளிப்பட்டுக்கு அருகே எங்கள் சொந்தக் கிராமத்தில், எங்கள் நைனாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைத்திருந்தோம். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் ஒரு நாள் அந்த இன்ஜினை மொத்தமாகக் கழற்றி வரப்பில் பரப்பி வைத்துவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின். ஏன்டா கழட்டினே என்று நைனா கேட்டதற்கு, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க என்றார். திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் கரும்பு வாடிப்போயிற்று. நைனா அடிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அண்ணனுக்காகத் தலையில் கை வைத்த முதல் ஆள் அவர்தான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் வைத்தோம்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, திருத்தணியில் இருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பட்டறையில் வேலை கற்றார். படகு இன்ஜின்களை அங்கேதான் தொட்டார். பல வருடம் கழித்து ஊர் திரும்பி, திருத்தணியில் சொந்தப் பட்டறை போட்டார். அம்மையார்குப்பத்தில் நெசவு செய்யும் குடும்பத்தில் பிறந்த அண்ணியை மணந்துகொண்டார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன வண்டியை எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லாமல் வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நடுவில் குழந்தை வளர்ப்பு, வீடு கட்டியது, நைனாவையும் அம்மாவையும் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டது எல்லாம் உண்டு. அதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை நீங்களே அறிவீர்கள்.

துறைமுகத்துப் பட்டறைக்குப் படகு வேலைக்காக வந்துபோனவர்தான் என் கணவர். பழவேற்காட்டுக்காரர், கடல் தொழில் செய்பவர். அவரை வீட்டுக்கு அழைத்து வந்ததும் அண்ணன்தான், எங்கள் இருவருக்கும் பிடித்துப்போன பிறகு நைனாவிடம் போய்ப் பேசியதும் அண்ணன்தான். நம் சாதி இல்லை, நிலம் இல்லை, தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவன் என்று சொந்தத்தில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போனவர்களும் உண்டு. பெரியப்பா வரவே இல்லை. இதை இங்கே எழுதுவது யாரையும் குத்திக்காட்ட அல்ல. பின்னால் சொல்லப்போவது புரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, என் கணவரின் படகு இன்ஜினில் மேனிஃபோல்டு போய்விட்டது. இன்ஜினில் இருந்து வரும் சூடான புகையை ஒன்றுசேர்த்து வெளியே தள்ளுகிற இரும்புக் கூடு அது. லாரியில் அதைக் காற்றே ஆற்றிவிடும். படகில் இன்ஜின் மூடிய பெட்டிக்குள் கிடப்பதால், கூட்டுக்கு இரட்டைச் சுவர் வைத்து, நடுவே கடல் தண்ணீரை பம்ப் வைத்து ஓடவிடுவார்கள். உப்பு உள்ளே இருந்தே அரித்துக்கொண்டு வரும். எங்கள் இன்ஜின் பழைய வெளிநாட்டு இன்ஜின், ஏலத்தில் எடுத்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கூடு. இரண்டுமே ஓட்டையாகிவிட்டன.

அதே கம்பெனிக் கூடு கிடைக்கவில்லை. அண்ணன் சென்னையில் பழைய இரும்புக் கடைகளில் தேடி, வேறு கம்பெனியின் கூடுகள் இரண்டைப் பிடித்தார். போல்ட் துளைகள் பொருந்தின. தண்ணீர்க் குழாய் மாட்டுகிற வாய்கள் மட்டும் வேறு இடங்களில் இருந்தன. பழைய கூட்டில் தண்ணீர் நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய். புதியதில் முன்னாலும் பின்னாலும் மேலும் கீழுமாக நாலு வாய். எதில் தண்ணீரை விடுவது, எதில் எடுப்பது, எதை அடைப்பது என்பதை மாட்டுகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நம் பட்டறையில் கடைசல் இயந்திரம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ச் செய்தால்தான் சுத்தமாக இருக்கும் என்று சொல்லி, இரண்டு கூடுகளையும் கோணியில் கட்டி திருத்தணிக்குக் கொண்டுவந்துவிட்டார். பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். எங்கள் கஷ்டகாலம் அங்கே தொடங்கியது.

வீட்டுப் பின்கட்டில் செங்கல் அடுக்கி, அதன்மேல் கூடுகளைப் படுக்க வைத்தார். தொட்டியில் இருந்து மோட்டார் வைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார். ஒரு குழாயை மாட்டுவார், ஓடவிடுவார், காதை வைத்துக் கேட்பார், கழற்றுவார். மறுநாள் வேறு வாயில் மாட்டுவார். நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்த தண்ணீரெல்லாம் கூட்டுக்குள் போய்த் துருவாக வெளியே வந்தது. துணி காயப்போட இடமில்லை என்று அண்ணி சொல்லிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், பிறகு பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட ஆரம்பித்தார். பட்டறையில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. பழவேற்காட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மற்றப் படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. எங்கள் படகு மட்டும் கட்டிய இடத்திலேயே கிடந்தது. என் கணவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். நான் போன் செய்தால் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார். “கடல்ல நின்னு போச்சுன்னா தள்ளிகினு வர முடியுமா பாப்பா? இரு.”

ஆடிக் கிருத்திகைக்கு நானும் கணவரும் திருத்தணிக்கு வந்தோம். நாங்கள் வருவதற்கு முந்தைய நாள்தான் வேலை முடிந்திருந்தது. பின்கட்டில் எங்களை நிறுத்தி, அண்ணன் தண்ணீரை ஓடவிட்டுக் காட்டினார். கீழ் வாயில் நுழைந்து, பின்பக்கத்து மேல் வாயில் அழகாக வெளியே வந்தது. முன்பக்கத்து வாய்களைக் கடைந்த பித்தளை அடைப்பான் போட்டு மூடியிருந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் கணவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மச்சான், படகுல இன்ஜின் மட்டமா இருக்காதே. முன்னாடி தூக்கிகினு, பின்னாடி சாஞ்சிகினுல்ல இருக்கும். தண்ணி முன்னாடி வரைக்கும் ஏறுமா?”

“நான் துறைமுகத்துல பாக்காத இன்ஜினா? நீ மீன புடி மாப்ளே, இத எனக்கு வுடு.”

மாமனார் வீட்டில், அதுவும் தனக்காகப் பேசிய ஒரே ஆளிடம், என் கணவர் எப்படி வாதாடுவார்.

மறுநாள் கிருத்திகை. ஊருக்குள் எந்த வண்டியும் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துக் கொண்டுபோகலாம் என்று எல்லோரும் சொன்னோம். இத்தனை வாரம் பொறுத்த மனிதருக்கு அன்றைக்கென்று அவசரம் வந்துவிட்டது. ஒரு கூட்டை அண்ணன் தோளில் வைத்துக்கொண்டார், இன்னொன்றை என் கணவர். குழாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். காவடிக் கூட்டம் முழுவதும் மலையை நோக்கிப் போக, நாங்கள் மூவரும் ஸ்டேஷனை நோக்கி எதிர்த்திசையில் போனோம். அண்ணன் வெயிலுக்காகக் கோணியின் மேல் மஞ்சள் துண்டைச் சுற்றியிருந்தார். குடத்தோடு நின்ற ஒரு அம்மா, காவடி என்று நினைத்து அவர் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிட்டாவது நகர வேண்டாமா? அண்ணன் அந்த அம்மாவின் தலையில் கை வைத்து, நல்லா இரும்மா என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு நடந்தார். வெட்கத்தில் நான் குழாய்ப் பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

ரயிலில் ஏறி, மாறி, பொன்னேரியில் இறங்கி, ஆட்டோவில் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். அடுத்த சில நாட்களில் கூடுகளை இன்ஜினில் ஏற்றி, குழாய்களை மாட்டினார். ஓடவிட்டுப் பார்க்க ஒரு காலையில் இருவரும் கிளம்பினார்கள். வேறு ஆள் யாரையும் ஏற்றவில்லை. நீச்சல் தெரியாத அண்ணன், அத்தனை வருடம் துறைமுகத்தில் வேலை செய்தும் கரையை விட்டுக் கடலுக்குள் போகாதவர், நானும் வருவேன், சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்து ஏறினார்.

இதற்குப் பிறகு நடந்ததை அண்ணன் வாயால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். காதுகுத்தாகட்டும், நிச்சயதார்த்தமாகட்டும், பந்தி முடிந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் ஆரம்பித்துவிடுவார். மாப்பிள்ளை அன்றே சொன்னார், நான்தான் மண்டைக்கனத்தில் கேட்கவில்லை, குழாயைத் தப்பாக மாட்டினேன், நடுக்கடலில் வெடித்துத் தண்ணீர் ஏறியது, நான் முருகா முருகா என்று கத்திக்கொண்டு மாப்பிள்ளையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவர்தான் ஒற்றை ஆளாகப் படகையும் காப்பாற்றி என்னையும் காப்பாற்றினார் என்பார். காலைக் கட்டிப்பிடித்ததை நடித்து வேறு காட்டுவார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்துபோய்விடுவார். பார், எவ்வளவு அடக்கம் என்று பேசிக்கொள்வீர்கள். ஒவ்வொரு விசேஷத்திலும் அதே கதை, அதே நடிப்பு. போதும் அண்ணா என்று கெஞ்சியிருக்கிறேன். அடுத்த விசேஷத்தில் இன்னும் சத்தமாகச் சொல்வார்.

போன வருடம் அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது, என் கணவர் அவருடைய வலக்கையை எடுத்து, புறங்கையில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சைலன்சர் சுட்டுவிட்டது என்று அண்ணன் எங்களிடம் சொல்லியிருந்த தழும்பு. இவர் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. காரியங்கள் முடிந்த பிறகு கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

முகத்துவாரத்தில், ஏரித் தண்ணீர் கடலில் சேர்கிற இடத்தில், அலை உடைந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் படகு போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. கணவர் பயந்தபடியே, சாய்ந்த இன்ஜினில் இடப்பக்கக் கூட்டின் முன்பாகத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. அங்கே காற்று அடைத்துக்கொண்டு, இரும்பு காய்ந்து பழுக்க ஆரம்பித்திருக்கிறது. அதை ஒட்டிப் போன தண்ணீர்க் குழாய் உருகி வெடித்துவிட்டது. பம்ப் இழுக்கிற கடல் தண்ணீர் முழுவதும் படகுக்குள் கொட்டியது. இன்ஜினை நிறுத்தினால் தண்ணீர் நிற்கும். ஆனால் அந்த அலையில் இன்ஜின் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்துவிடும். திரும்பிவரவும் வழியில்லை. அலையைத் தாண்டி வெளியே போனால்தான் உயிர்.

அண்ணன் கத்தவும் இல்லை, யார் காலையும் பிடிக்கவும் இல்லை. தலையில் இருந்த துண்டைக் குழாயில் சுற்றி, காய்ந்த இரும்புக்கும் குழாய்க்கும் நடுவே வலக்கையை விட்டு, வெடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புறங்கை இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. கணவர் பார்த்துவிட்டு, கையை எடு மச்சான் என்று கத்தியிருக்கிறார்.

“நீ அலையப் பாரு. நான் பாத்துக்கிறேன்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அலை முழுவதையும் தாண்டும்வரை கையை எடுக்கவில்லை. வெளியே வந்து இன்ஜினை நிறுத்திய பிறகுதான் எடுத்தார். தோல் இரும்போடு போயிருந்தது. நங்கூரம் போட்டுக் காத்திருந்து, பக்கத்து வீட்டுக்காரர் படகு இவர்களைக் கட்டி இழுத்து வருவதற்குள், ஈரத் துண்டில் கையைச் சுற்றி மறைத்துக்கொண்டு, என் கணவரிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். இந்தக் கை விஷயத்தைத் தான் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும், என்னிடமும் அண்ணியிடமும்கூட, சொல்லக் கூடாது என்று.

“நான் சுக்கானப் புடிச்சேன், அவ்ளோதான்,” என்றார் என் கணவர். “அவரு கைய எடுத்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். ஊரே என்னப் புகழுது, நான் வாயத் தெறக்க முடியாம ஒக்காந்துகினு இருந்தேன். சொல்லிடறேன் மச்சான்னு எத்தினியோ வாட்டி கேட்டுட்டேன். வுடவே இல்ல.”

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஒரு மனிதர் தன்னைக் கோமாளியாக்கிக்கொண்டே இத்தனை வருடம் திரிந்திருக்கிறார். இன்னொருவர் அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். கணவரிடம் இரண்டு நாள் நான் பேசவில்லை. அண்ணனிடம் சண்டை போடலாம் என்றால் அவரே இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

எதற்காக அப்படிச் செய்தார் என்று அண்ணன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு ஒன்று நினைவிருக்கிறது. அந்தக் கதை சொந்தத்தில் பரவிய பிறகு, ஒரு கிரகப்பிரவேசத்தில் பெரியப்பா என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் இலை போடச் சொன்னார். எங்க பிள்ளையக் காப்பாத்தினவன் என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். கல்யாணத்தில் கை நனைக்காமல் போனவர்கள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அந்தக் கிரகப்பிரவேசப் பந்தியில் அண்ணன் சாம்பார் வாளியோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் சாம்பார் வழிந்து ஓடியது அவருக்குத் தெரியவில்லை.

தவறு அண்ணனுடையதுதான். அதில் அவர் பொய் சொல்லவில்லை. சமமான தரையில் சோதித்ததைச் சாய்ந்த படகில் மாட்டினார், சொன்னவர் பேச்சைக் கேட்கவில்லை. கை ஆறுவதற்கு முன்பே திரும்பப் பழவேற்காட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் கழற்றி, தண்ணீர் வெளியேறுகிற குழாயைக் கூட்டின் முன்பக்கத்து மேல் வாய்க்கு மாற்றினார். ஒற்றைக் கையால் செய்ததால் அதற்கும் வாரக்கணக்கானது. உதவிக்குப் போனவர்களை எல்லாம் விரட்டினார். அந்தப் பருவம் முழுவதும் என் கணவர் கூலிக்குத்தான் போனார். பிறகு பல வருடம் அந்த இன்ஜின் ஒரு நாளும் சூடேறவில்லை.

கடைசிக் காலத்தில் அண்ணனுக்கு இதயம் பலவீனமாயிற்று. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னால், திரும்பி வந்ததும் மாடித் தொட்டியின் வால்வைப் பார்க்க ஏறுவார். மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொன்னால், இதோ என்பார். அவருடைய இதோ எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் சேர்த்தபோது, கட்டில் ஆடுகிறது என்று நர்சம்மாவிடம் ஸ்பானர் கேட்டாராம். மூன்றாம் நாள் காலை, காபி கேட்டார். அண்ணி வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். வாழ்நாள் முழுவதும் எல்லோரையும் காக்க வைத்த மனிதர், அந்த ஒரு முறை மட்டும் காத்திருக்கவில்லை.

அவரை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோன எதிர்வீட்டுத் தம்பிக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், செய்தி கேட்டதும் தொழிலை விட்டுவிட்டு வந்து நின்ற பழவேற்காட்டு உறவுகளுக்கும், வேலை முடியாத வண்டிகளைத் திட்டாமல் எடுத்துப்போன வாடிக்கையாளர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. பெரியப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். கதை மாறிவிட்டது என்று என் கணவரை மறுபடியும் தள்ளி உட்கார வைத்துவிடாதீர்கள். அண்ணனுக்குப் பிடிக்காது.

அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதி முடித்து முழுவதும் படித்துக் காட்டினேன். கை விஷயத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். நீங்களும் மலருக்கு ஏதாவது சொல்லுங்கள், போட்டுவிடலாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

“சொல்றதுக்கு இன்னாம்மா இருக்குது. இன்னும் கொஞ்ச நாளு இருந்திருந்தா, இன்னும் கொஞ்சம் திட்டிகினு இருந்திருப்பேன்.”